வீட்டுக் கல்வியும் விளையாட்டு எழுத்தும்

சென்ற வாரம் ஓர் அம்மையாரிடமிருந்து வந்த கடிதம் இன்னும் நமது மேஜையின் மீதே கிடக்கிறது. பதில் எழுதாமல் அதை எடுத்து வைக்க மனம் வரவில்லை. அவ்வம்மையார் தமது ஒன்பது வயதுப் புதல்வனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பித்து வருகிறார். கணக்கிலும் பூகோளத்திலும் பிள்ளைக்குக் குறைவில்லையாம். வாய் ஓயாமல் கதையும் சொல்லுகிறானாம். ஆனால் "எழுது" என்று காகிதத்தை முன்னே வைத்தால் மட்டும், பேனாவின் நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து விடுகிறானாம். இதற்கு மருந்தாக, சிறுவர்களைக் கற்பனை செய்து எழுதத் தூண்டும் விளையாட்டுக் கேள்விகள் அடங்கிய மேல்நாட்டுப் புத்தகம் ஒன்றைத் தருவித்திருக்கிறார். அதன் முதல் ஏட்டிலிருந்த கேள்வி, 'இவ்வாண்டின் முதல் உறைபனி விழுந்த காலையில் நீ கண்டது என்ன?' என்பது. பையன் தாயை ஏறிட்டுப் பார்த்து, "அம்மா, அது எப்படி இருக்கும்?" என்று கேட்டான். பிறகு படங்களில் கண்டதை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதினான். தமிழில் எழுதும்படி சொன்னபோது, பசு ஒரு சாதுவான பிராணி என்கிற ரீதியில் நான்கு வாக்கியங்களை எழுதி நிறுத்தி விட்டான். "என் பிள்ளையின் வாயிலிருக்கும் தமிழ் கைக்கு வரவில்லையே, நான் என்ன செய்வது?" என்று கேட்கிறார் அவ்வம்மையார்.

இதனை ஒரு வீட்டின் சங்கடமென்று தள்ளிவிடுதல் தகாது. வீட்டில் கற்கும் பிள்ளைகள் நம் நாட்டில் சொற்பமே என்பது மெய். 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கட்டாய இலவசக் கல்விச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பள்ளியையே இடமாகக் கருதுகிறது. வீட்டுக் கல்விக்கென்று அதில் தனி விதி யாதுமில்லை. நாமும் எவரையும் பள்ளியை விட்டு விலகுமாறு உபதேசிக்க வரவில்லை. ஏழையின் பிள்ளைக்கும் செல்வனின் பிள்ளைக்கும் ஒரே பலகையில் இடம் தரக்கூடிய பொதுப் பள்ளியைப் போன்ற தேசிய ஸ்தாபனம் வேறில்லை. ஆனால் 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளை நோயின் காரணமாக அடைக்கப்பட்ட பள்ளிகளில், முதல் எட்டு வகுப்புகள் 2021 நவம்பர் முதல் தேதியன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அவ்வொன்றரை ஆண்டுக் காலத்தில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீடும் விரும்பியோ விரும்பாமலோ பள்ளிக்கூடமாயிற்று. அப்போது நமது தாய்மார்கள் அனைவரும் இவ்வம்மையாரின் சங்கடத்தை ஓரளவேனும் அறிந்தனர். ஆகவே இவருக்கு நாம் கூறும் மறுமொழி, பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் உரியதே.

பிள்ளை ஏன் எழுத மறுக்கிறான்? சோம்பலால் அன்று, திறமைக் குறைவாலும் அன்று. கேட்கப்படும் கேள்விக்கு விடை முன்னமே ஒன்று இருக்கிறதென்பதை அவன் அறிந்திருக்கிறான். நீதிமன்றங்களில் ஒரு விதி உண்டு. தன் சாட்சியை முதல் விசாரணை செய்யும் வக்கீல், தான் விரும்பும் விடையை உள்ளடக்கிய கேள்வியைக் கேட்டால், எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலும் இவ்விதி இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் புதிய சட்டத்திலும் இருக்கிறது. காரணம் எளிது. அப்படிக் கேட்டால் வெளிவருவது சாட்சியின் வார்த்தையன்று, வக்கீலின் வார்த்தை. 'பசு', 'தீபாவளி', 'நான் பிரதம மந்திரியானால்' என்று நாம் குழந்தைக்குக் கொடுக்கும் வியாசத் தலைப்புகளெல்லாம் இத்தகைய கேள்விகளே அன்றோ? பசுவுக்குக் கால் நான்கு. தீபாவளியன்று எண்ணெய் ஸ்நானம். பிரதம மந்திரியானால் வறுமையை ஒழிப்பேன். இவ்விடைகளைக் குழந்தைக்கு முன்பே நாம் எழுதி முடித்துவிட்டோம். அவன் செய்ய வேண்டுவது பிரதி எடுப்பதொன்றே. பிரதி எடுக்கும் வேலையில் யாருக்குத்தான் உற்சாகம் பிறக்கும்?

எனவே நாம் சொல்ல வருவது ஒன்றே: கேட்பவருக்கே விடை தெரியாத கேள்வியைக் குழந்தையிடம் கேளுங்கள். அக்கேள்வி விளையாட்டாக இருக்கட்டும்; அவன் வாழும் ஊரிலிருந்தும் பேசும் பாஷையிலிருந்தும் பிறந்ததாக இருக்கட்டும்.

விளையாட்டு எதற்காக என்று கேட்கலாம். இங்கிலாந்தில் யார்க்ஷயர் பிரதேசத்திலுள்ள ஹாவொர்த் என்னும் மலைக் கிராமத்தில், பாட்ரிக் பிராண்டி என்ற பாதிரியார் இருந்தார். தம் சிறு குழந்தைகளுக்கு உள்ளே எண்ணம் நிரம்பியிருந்தும் வெளியே சொல்லக் கூச்சம் தடுக்கிறதென்று கருதி, வீட்டிலிருந்த முகமூடி ஒன்றை எடுத்து, அதன் மறைவிலிருந்து ஒவ்வொருவராகத் தைரியமாய்ப் பதில் சொல்லும்படி செய்தார். அப்போது மூத்த பெண்ணுக்கு ஏறக்குறையப் பத்து வயது, கடைக்குட்டிக்கு நான்கு. முகமூடியின் பின்னாலிருந்து வந்த விடைகளைக் கேட்டுத் தாம் வியந்ததை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. 1857-இல் கஸ்கெல் அம்மையார் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வாயிலாக இச்சம்பவம் உலகத்துக்குத் தெரியவந்தது.

பின்னர் அக்குடும்பத்தைத் துயரம் சூழ்ந்தது. விடுதிப் பள்ளிக்குச் சென்ற மூத்த பெண்கள் இருவரும் நோயுற்று, 1825-இல் இறந்தனர். அதே பள்ளியிலிருந்த மற்றை இரு பெண்களையும் தந்தை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். எஞ்சிய நால்வரும் சில ஆண்டுகள் வீட்டிலேயே பயின்றனர். 1826 ஜூன் மாதத்தில் தந்தை மகனுக்கென்று ஒரு பெட்டி மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். பிள்ளைகள் நால்வரும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துப் பெயரிட்டனர். அச்சிப்பாய்களுக்கு ஒரு தேசத்தையும், பத்திரிகையையும், அரசியல் சண்டைகளையும் சிருஷ்டித்தனர். சிப்பாய்கள் படிப்பதற்கேற்ற அளவில் உள்ளங்கையிற் பாதி கூட இல்லாத சிறு புத்தகங்களை, கண்ணுக்கு எட்டாத எழுத்தில் எழுதித் தைத்தனர். அந்நால்வரில் சார்லட், எமிலி, ஆன் என்ற மூன்று சகோதரிகளின் நாவல்களும் 1847 என்னும் ஒரே ஆண்டில் வெளிவந்து ஆங்கில இலக்கியத்தில் நிலைபெற்றன. அவ்வீட்டில் நடந்த கல்வியின் சாரம் யாது? ஒரு முகமூடியும் ஒரு பெட்டிப் பொம்மைகளுமே. விளையாட்டென்பது குழந்தைக்குப் பொய் சொல்லும் இடமன்று. முகமூடிக்குள் இருந்து மெய் பேசும் இடம்.

நம் தேசத்திலும் இதற்கு உதாரணம் இல்லாமலில்லை. ரவீந்திரநாத் தாகூர் பள்ளிகளில் தரிக்க முடியாமல் பெரும்பாலும் வீட்டிலேயே உபாத்தியாயர்களிடம் பயின்றவர். அவருக்கு ஏழெட்டு வயதாயிருக்கையில், உறவு முறையில் மருமகனாயினும் வயதில் மூத்தவனான ஜோதி என்பவன் ஒரு நாள் மத்தியானம் அவரைத் தன் அறைக்கு அழைத்து, பதினான்கு அசைகள் கொண்ட வங்க யாப்பை விளக்கி, "நீ ஒரு கவி எழுத வேண்டும்" என்றான். அதுவரையில் அச்சுப் புத்தகத்தில் மட்டுமே கண்ட கவிதை தன் கையாலும் ஆகக்கூடியதென்று தெரிந்தவுடன், சிறுவனுக்கு அச்சம் பறந்தது. ஜமீன் உத்தியோகஸ்தர் ஒருவரிடம் நீலக் காகித நோட்டு ஒன்றைப் பெற்று எழுதத் தொடங்கி விட்டான். இச்செய்தியைத் தாகூரே தமது நினைவுக் குறிப்புகளில் கூறியிருக்கிறார். அவ்வழைப்பு வந்தது ஆசிரியரிடமிருந்து அன்று. சற்றே மூத்த விளையாட்டுத் தோழனிடமிருந்து என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

தமிழருக்கோ இவ்வித்தை பரம்பரைச் சொத்து. ஈற்றடி கொடுத்து வெண்பா முடிக்கச் செய்வது நமது புலவர் சபைகளில் வெகுகாலம் நிலவிய விளையாட்டு. எட்டையபுரத்தில் இளம் பாரதியைப் பரிகசிக்கும் எண்ணத்துடன் காந்திமதிநாதர் என்பவர் ஈற்றடி ஒன்றைக் கொடுத்ததையும், சிறுவன் பாட்டை முடித்த விதத்தில் பரிகாசம் கொடுத்தவர் மீதே திரும்பியதையும் அறியாத தமிழர் யார்? பதினேழாம் நூற்றாண்டினரான சிவப்பிரகாச சுவாமிகள், உதடு ஒட்டாமல் பாடக்கூடிய நிரோட்டக யமக அந்தாதியைத் திருச்செந்தூர் முருகன் மீது பாடினார். விடுகதை சொல்லாத பாட்டி நம் ஊர்களில் உண்டா? இத்தனை செல்வத்தையும் வைத்துக்கொண்டு, உறைபனியைப் பற்றிய கேள்விக்காக நாம் கப்பலை எதிர்பார்த்திருப்பது, வீட்டில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதை ஒக்கும்.

அந்நிய தேசத்தது என்பதற்காக எதையும் வெறுப்பது நமது கொள்கையன்று. இத்தாலி தேசத்தில் ஜான்னி ரொடாரி என்றொரு எழுத்தாளர் இருந்தார். குழந்தை இலக்கியத்துக்கான ஆண்டர்சன் பரிசை 1970-இல் பெற்றவர். கதை புனையும் கலையைப் பற்றி 1973-இல் அவர் வெளியிட்ட நூலுக்குக் 'கற்பனையின் இலக்கணம்' என்று பெயர். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களை அருகருகே நிறுத்தினால் அவற்றின் உராய்வில் கதை பிறக்கும் என்பது அவர் கண்ட உபாயங்களில் ஒன்று. நாயையும் அலமாரியையும் அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டு, இத்தாலிய பாஷையின் சிறு இடைச் சொற்களால் இரண்டையும் வெவ்வேறு விதமாக முடிச்சிட்டுக் காட்டினார். உபாயத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம், சொற்கள் நம்முடையவையாகட்டும். அதனை எங்ஙனம் செய்வதென்று கேட்போருக்குச் சில விளையாட்டுகளைக் கூறுகிறோம்.

முதலாவது, வேற்றுமை விளையாட்டு. அம்மி, ரயில் என்ற இரு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மி ரயிலேறியது, அம்மியை ஏற்றிய ரயில், அம்மியால் நின்ற ரயில், அம்மிக்காக வந்த ரயில், அம்மியிலிருந்து புறப்பட்ட ரயில், அம்மியினது ரயில், அம்மியின்கண் ஓடிய ரயில், "அம்மியே, ரயில் வருகிறது, விலகு!" எட்டு வேற்றுமையும் வந்துவிட்டன, எட்டுக் கதைகளுக்கு வித்தும் விழுந்துவிட்டது. அம்மியால் ரயில் நின்றது எதற்காக? தண்டவாளத்தில் அம்மியை வைத்தவர் யார்? நமக்குத் தெரியாது, பிள்ளைதான் சொல்ல வேண்டும். இலக்கணச் சூத்திரத்தை மனப்பாடம் செய்தும் உருபு மயங்கும் பிள்ளை, இவ்விளையாட்டில் 'ஐ' என்பதற்கும் 'ஆல்' என்பதற்கும் உள்ள பேதத்தை ஒரு பொழுதும் மறவான்.

இரண்டாவது, உதடு ஒட்டா விளையாட்டு. கண்ணாடியின் முன் நின்று, உதடுகள் ஒட்டாமல் படிக்கக்கூடிய நான்கு வரிகளை எழுத வேண்டும். பகரமும் மகரமும் கூடா. அப்போது பிள்ளை ஒரு பெரிய ஆபத்தைக் கண்டுபிடிப்பான்: அம்மாவையும் அப்பாவையும் கதையில் அழைக்க முடியாது! பாட்டியும் மாமாவும் தம்பியும் கூட வெளியே நிற்க வேண்டியதுதான். தாத்தாவும் அக்காவும் அத்தையும் தாராளமாக உள்ளே வரலாம். அம்மா வேண்டுமென்றால் 'தாய்' என்றே வரவேண்டும். ஒரு பொருளுக்கு ஏன் பல சொற்கள் இருக்கின்றன என்பதும், எந்த எழுத்து எவ்விடத்தில் பிறக்கிறதென்று தொல்காப்பியர் பிறப்பியலில் ஆராய்ந்தது எதற்காக என்பதும், சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது, நாம் நமது தொழிற் பற்றினால் கூறுவது: வழக்கு விளையாட்டு. பாட்டியின் வடையைக் காகம் எடுத்தது; நரி அதைத் தின்றது. நஷ்டம் பாட்டிக்கு. குற்றவாளி யார்? ஒரு பிள்ளை பாட்டியின் பிராது எழுதட்டும், மற்றொரு பிள்ளை காகத்துக்காகப் பதில் மனு எழுதட்டும், "பாடச் சொன்னது குற்றமா?" என்று நரியின் பக்கம் ஒருவர் வாதாடட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டிலுள்ள மெய்யான பாட்டியே தீர்ப்பு எழுதட்டும். பல ஆண்டுகள் நீதிமன்றத்தின் படியேறி இறங்கிய நமக்கே இவ்வழக்கின் முடிவு நிச்சயமாகத் தெரியவில்லை. மறுதரப்பின் நியாயத்தை எதிராளியின் வாயால் எழுதிப் பார்த்த குழந்தை, வளர்ந்தபின் மறுதரப்பைக் கூச்சலால் அடக்க முயலாது என்பது நமது நம்பிக்கை.

நான்காவது, கடித விளையாட்டு. மழை பொய்த்த ஆண்டில் கிணறு மேகத்துக்கு என்ன எழுதும்? பத்து ஆண்டுகளாகச் சுவரிலிருந்து குடும்பத்தின் பேச்சனைத்தையும் கேட்ட பல்லி, வீட்டை விட்டுப் போகுமுன் யாருக்கு என்ன சொல்லும்? இதில் பெற்றோர் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பல்லியின் வாயிலாகச் சில உண்மைகள் வெளிவரக் கூடும். வந்தால் கோபிக்கலாகாது. முகமூடியைக் கொடுத்தவர்கள் நாமே.

நிற்க. வீட்டுக் கல்வியில் ஒரு அபாயம் உண்டு என்பதை மறைத்தல் கூடாது. பள்ளியில் பிள்ளைக்கு ஆசிரியர் வேறு, தோழர் வேறு, வீடு வேறு. வீட்டில் கற்கும் பிள்ளைக்கோ ஆசிரியரும், பரீட்சை அதிகாரியும், படித்து மகிழ வேண்டிய வாசகரும் பெரும்பாலும் தாய் ஒருத்தியே. அவள் முகம் சுளித்தால் அவனுக்கு உலகமே முகம் சுளித்ததாகும். ஆகவே அவள் விரும்புவதையே எழுதப் பழகி விடுவான். காந்தியடிகள் தம் புதல்வர்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பிக்க முயன்று, தாம் விரும்பிய அளவு எழுத்துக் கல்வியைத் தர இயலாமற் போனதையும், அதுபற்றிப் பிள்ளைகளுக்குக் குறை இருந்ததையும் தமது சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அம்மகானுக்கே நேர்ந்த குறை நமக்கு நேராதென்று எண்ணுவது அகம்பாவம்.

இதற்குப் பரிகாரமாக மூன்று நியமங்களைக் கூறுவோம். பிள்ளை எழுதும்போது தாயோ தந்தையோ அதே கேள்விக்குத் தாமும் உட்கார்ந்து எழுத வேண்டும். தமக்கும் எழுத்து அடித்துத் திருத்தியே வருகிறதென்பதைப் பிள்ளை காண வேண்டும். எழுதிய அன்றே சிவப்பு மையைக் கையில் எடுக்கலாகாது. முதலில் கதையைக் கேட்டுச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க வேண்டும், ஒற்றுப் பிழையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். எழுதியதை வீட்டுக்கு வெளியே இன்னொருவர் படிக்க வேண்டும். அத்தை, அடுத்த வீட்டுத் தோழன், கிராமத்திலுள்ள தாத்தா, யாராயினும் சரியே. பிராண்டி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவருக்கொருவர் வாசகராக இருந்தனர்; மரச் சிப்பாய்களும் வாசகராக இருந்தன.

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் செந்தமிழில் எழுதுவதையே கடமையாகக் கொண்டவர்கள். எனினும், கிணறும் பல்லியும் கதையில் பேசும்போது அவ்வூர்ப் பேச்சிலேயே பேசட்டும் என்று சொல்லத் தயங்கோம். "மழை வந்துச்சு" என்று பிள்ளை எழுதினால், வாய்த் தமிழ் கைக்கு வருகிறதென்று தாய் மகிழ வேண்டும். பேச்சை எழுதக் கூசாதவனே நாளடைவில் இலக்கியத் தமிழையும் கூசாமல் எழுதுவான். வாயை அடைத்துவிட்டுக் கைக்குக் கல்வி புகட்டுவதே இதுவரை நாம் செய்துவந்த தவறு. ஆங்கிலத்தில் கற்றுத் தொழில் நடத்திய நாமும் இத்தவறுக்கு இலக்கானவர்களே. இளமையில் கண்டிராத மலர்களைப் பற்றி ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் பெற்றோம். நமது வாசலில் நின்ற பூவரச மரத்தைப் பற்றி ஒரு வரி தமிழில் எழுத, முப்பது வயது வரை நமக்குக் கை வரவில்லை. அந்த நஷ்டம் இன்னொரு பிள்ளைக்கு வர வேண்டாமென்றே இதனை எழுதுகிறோம்.

இவ்விளையாட்டெல்லாம் பரீட்சைக்கு உதவுமா என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். வீட்டில் கற்றவரும் ஒரு நாள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் தேர்வையோ வேறொன்றையோ எழுதத்தானே வேண்டும் என்பர். நியாயமே. பரீட்சைக்குரிய நேரத்தைப் பரீட்சைக்குக் கொடுங்கள். தினம் அரை மணி நேரம் இதற்குக் கொடுங்கள். சொந்த வாக்கியம் அமைக்கத் தெரிந்தவனுக்குப் பிறர் கேட்கும் விடையை எழுதுவது எளிது. பிறர் விடையை மட்டும் எழுதப் பழகியவனுக்குச் சொந்த வாக்கியம் ஒருநாளும் எளிதாகாது. செலவு என்று சொல்வாரும் இரார். ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் போதும். கூலிக்காரர் வீட்டிலும் இவ்விளையாட்டை ஆடலாம். விடுகதை அறிந்த பாட்டி அவ்வீட்டில்தான் அதிகம் இருப்பாள்.

இதில் தேசத்துக்கு என்ன லாபம் என்று கேட்டால், அதற்கும் விடையளிப்போம். 1947-இல் நமக்கு வந்த சுதந்திரத்தின் பொருள், நம்மைக் குறித்த கேள்விகளுக்கு விடையை வேறொருவர் எழுதி வைத்திருக்க மாட்டார் என்பதே. ஆனால் குழந்தைப் பருவம் முழுவதும் முன்னமே எழுதப்பட்ட விடைகளைத் தேடிப் பழகிய பிரஜை, வயது வந்தபின் வாக்குச் சாவடியிலும் யாரோ எழுதிக் கொடுத்ததையே ஒப்பிப்பான். ஒரு கேள்வியின் முன் அஞ்சாமல் நின்று, 'இதற்கு விடையை நான் சொல்லுகிறேன்' என்று தன் பாஷையில் தொடங்கத் தெரிந்தவனே சுதந்திரப் பிரஜை. அத்தொடக்கம் அம்மியும் ரயிலும் பற்றியதாக இருந்தாலும் குறைவில்லை.

கடிதம் எழுதிய அம்மையாருக்கு நமது மறுமொழி இதுவே: அம்மையீர், பனிப் புத்தகத்தை அலமாரியில் வையுங்கள், பையன் ஒரு நாள் பனியைக் காணும்போது அதை எடுத்துக்கொள்ளட்டும். இன்று மாலை அவனோடு வாசற்படியில் உட்கார்ந்து, எதிரே தெரியும் இரண்டு பொருள்களை அவனையே சொல்லச் சொல்லுங்கள். அவற்றைச் சேர்த்து, உங்களுக்கு விடை தெரியாத கேள்வி ஒன்றைக் கேளுங்கள். நீங்களும் ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் எழுதியதை நமக்கு அனுப்பினால், திருத்தாமல் படிப்போம் என்று வாக்களிக்கிறோம்.